பீஜி வழியாகப் பெண் கேட்கப் போனோம்

மகனே,

“அப்பா, அவையள் ஏன் இன்னும் வரேல்லை?” என்று போன குளிர்காலத்தில் ஒருநாள் சமையலறை வாசலில் நின்று கேட்டாய். நான் கடலை வறுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், “வருவினம். பொம்பிளைப் பகுதிதானே முதல் வரவேணும், அதுதானே முறை” என்றேன். நீ சப்பாத்தைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாய். வகுப்பில் ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் உடனே விடை சொல்லாதீர்கள், அவன் எதைக் கேட்கிறான் என்று முதலில் பாருங்கள் என்று புதிய ஆசிரியர்களுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். சொந்த மகன் கேட்டபோது கடலை கருகிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலையாக இருந்தது.

வரும் சனிக்கிழமை நீயும் மியாலியும் நகரசபையில் கையெழுத்து வைக்கப் போகிறீர்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். சாப்பாட்டு மேசையில் நான் எதையாவது தொடங்கினால் நீ கடிகாரத்தைப் பார்ப்பாய். உன்மேல் பிழையில்லை, பாரிசுக்குப் போகிற சார்செல் ரயில் யாருக்கும் காத்திருக்காது. அதனால் எழுதுகிறேன். இந்தக் கல்யாணம் எப்படி நடக்காமல் போகப் பார்த்தது, எப்படி நடக்கிறது என்பதில் பாதிதான் உனக்குத் தெரியும். மீதிப் பாதிக்கு நான் உன்னைப் பீஜி வரை கூட்டிப்போக வேண்டும்.

முதலில் மியாலி எங்கள் வீட்டுக்கு முதன்முறை வந்த நாளை நினைத்துப் பார். உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற பிள்ளை, மடகாஸ்கர்க்காரி, தகப்பன் இல்லை, தாய் பாரிசுக்குப் பக்கத்தில் ஓல்னேயில் இருக்கிறா என்று மட்டும் சொல்லியிருந்தாய். நான் கதிரையில் இருந்தேன். அவள் எனக்கு முன்னால் கடந்து போக வேண்டியிருந்தது. இடுப்பை வளைத்து, வலது கையை நிலத்தை நோக்கி நீட்டி, ஏதோ ஒரு சொல்லை வாய்க்குள் சொல்லிக்கொண்டு குனிந்தபடியே கடந்து போனாள். நீங்கள் போன பிறகு அம்மா என்னிடம் கேட்டா: “ஏனப்பா, பெட்டைக்கு இடுப்பிலை நாரிப்பிடிப்போ?” நான் சிரித்தேன். ஆனால் அந்தக் குனிவை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்ற நினைவு மட்டும் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

நீ சின்னப் பெடியனாய் ஊரில் அம்மாவோடு இருந்த காலத்தில் நான் பீஜியில் ஒப்பந்தத்தில் கணிதம் படிப்பித்தேன். எங்கள் ஆசிரியர்கள் அப்போது நைஜீரியா, சாம்பியா என்று போனதுபோல நான் பசிபிக் கடலுக்குப் போனேன். உனக்குத் தெரிந்த பீஜி நான் கொண்டுவந்த சோகிகளும் சங்கும்தான். எனக்குத் தெரிந்த பீஜி, இலாய்சா என்ற சக ஆசிரியர். ஆறடி உயரம், குரல் மட்டும் மெதுவானது. பாடம் முடிந்ததும் கடற்கரையில் நடப்போம். அவர் ஒவ்வொரு பொருளாகக் காட்டித் தன் மொழியில் பெயர் சொல்லுவார். கண்ணைத் தொட்டு “மாத்தா” என்றார். நான் நின்றுவிட்டேன். ஏனென்றால் அந்தச் சொல் எங்கள் வீட்டில் இருந்தது. மலாயாவில் ரயில்வேயில் வேலை செய்து பென்சனோடு ஊருக்கு வந்த என் பெரியப்பா, கண் மருந்து கேட்கும்போதெல்லாம் பகிடியாக “மாத்தாவுக்கு மருந்து கொண்டா” என்பார். மலாய் மொழியிலும் கண் “மாத்தா”தான்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பித்துப் பிடித்தது. பெரியப்பாவிடம் கேட்டிருந்த மலாய்ச் சொற்களை ஒவ்வொன்றாய் நினைவுக்குக் கொண்டுவந்து இலாய்சாவிடம் சொல்வேன். பத்துமலை முருகனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். அந்தப் ‘பத்து’ எண்ணல்ல, மலாயில் கல். இலாய்சா ஒரு கல்லை எடுத்துக் காட்டி “வத்து” என்றார். மலாயில் சந்திரன் “புலான்”, பீஜியில் “வூலா”. மலாயில் பழம் “புவா”, பீஜியில் “வூவா”. பார், அங்கே உதடு ஒட்டிப் பிறக்கிற ஒலி இங்கே வகரமாகிறது, ஒரு சொல்லில் மட்டுமல்ல, வரிசையாக. நாங்கள் ஒன்றை ஒண்டு என்கிறோம், மூன்றை மூண்டு என்கிறோம், கன்றைக் கண்டு என்கிறோம். ஒரு சொல்லை மாற்றினால் அது வாய்தவறல். ஒரே மாதிரியான எல்லாச் சொற்களையும் ஒரே விதமாக மாற்றினால் அது ஒரு குடும்பத்தின் முகச்சாயல். வானம் அங்கே “லாங்கிட்”, இங்கே “லாங்கி”. பாதை “ஜாலான்”, இங்கே “சாலா”. இடையில் கிடப்பது ஆயிரக்கணக்கான மைல் கடல். அந்த மணலில் நின்று கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து இல்லை, வரைபடம் இல்லை, திசைகாட்டி இல்லை. பாயும் தோணியும் கொண்டு தீவு தீவாய்ப் போன சனம், கல்லுக்கும் நிலவுக்கும் தாய் சொன்ன பெயரைக் கைவிடாமல் கொண்டுபோயிருக்கிறது.

இலாய்சாவின் தம்பிக்குப் பெண் கேட்கப் போனபோது என்னையும் அழைத்துப் போனார்கள். அங்கே நான் கண்டது எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரில் மாப்பிள்ளை வீட்டார் காலை நீட்டிக்கொண்டு இருப்பார்கள், பெண் வீட்டார் சாதகக் கட்டோடு வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். அங்கே தலைகீழ். மாப்பிள்ளையின் ஆட்கள் குனிந்து உள்ளே போனார்கள். இருப்பவர்களுக்கு முன்னால் கடக்கும்போது “துலோ, துலோ” என்று மன்னிப்புக் கேட்பதுபோல் சொல்லிக்கொண்டு, வாசலோரப் பாயிலேயே இருந்துவிட்டார்கள். அவர்களுக்காகப் பேச ஒரு பெரியவர். மதிப்பான ஒரு திமிங்கிலப் பல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, நாங்கள் கொண்டுவந்தது சின்னப் பொருள், நாங்கள் சின்ன ஆட்கள் என்று தாழ்ந்த குரலில் பேசினார். வெளியில் வந்ததும் இலாய்சாவிடம் கேட்டேன். “பெண்ணைத் தருகிறவர்கள் எங்களைவிட உயரத்தில் இருக்கிறார்கள். கேட்கிற நாங்கள் குனியாமல் வேறு யார் குனிவது?” என்று, நான் கேட்டதுதான் விசித்திரம் என்பதுபோலப் பார்த்தார். அதோடு அதை மறந்துபோனேன்.

இனி பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவுக்கு, லாச்சப்பலுக்கு வா. மாசி மாதம், நீ மியாலியோடு கணேசின் பலசரக்குக் கடைக்கு வந்த சனிக்கிழமை. நான் வழக்கம்போல அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்கு லைன் கிடைக்குமோ என்று பார்க்க நீ தொலைபேசிக் கூண்டுக்குப் போனாய். மியாலி ஊறுகாய் போடுகிற தேசிக்காய்ப் பெட்டிக்கு முன்னால் நின்று, நல்லதாய்ப் பார்த்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். போடும்போது தன் மொழியில் மெல்லிய குரலில் எண்ணினாள். “ஈரை, ரூஅ, தேலு, ஏஃபத்ர, தீமி, ஏனின, ஃபீத்து, வாலு, சீவி, ஃபூலு.”

என் கையிலிருந்த பேப்பர் கீழே விழுந்தது. நான் எழும்பி அவளுக்குப் பக்கத்தில் போய், இலாய்சா சொல்லித் தந்த எண்களை இரண்டிலிருந்து சொல்லத் தொடங்கினேன். ரூவா, தோலு, வா, லீமா, ஓனோ, வீத்து, வாலு, தீவா. அவள் ஒரு தேசிக்காயைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தாள். “வீத்து” என்று நான் சொல்ல “ஃபீத்து” என்றாள். “வாலு” என்றேன். அவளும் “வாலு” என்றாள். எட்டு என்பதற்கு எங்கள் இருவர் வாயிலும் ஒரே சொல்! பிறகு நாங்கள் இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல ஆகிவிட்டோம். நான் கணேசின் திராசுக்கல்லைத் தொட்டு “வத்து” என்றேன். அவள் “வத்து!” என்று கத்தினாள். “வூலா” என்றேன், “வூலான” என்றாள். வெளியே மெத்ரோப் பாலத்துக்கு மேலே தெரிந்த துண்டு வானத்தைக் காட்டி “லாங்கி” என்றேன், “லானித்ர” என்றாள். பாதைக்கு “லாலன” என்றாள்.

கணேசு கல்லாவை விட்டு வந்துவிட்டான். “என்ன மாஸ்டர், மருமேளோடை ரகசியம் கதைக்கிறியள்? வூலாவோ? அது எங்கடை நிலாதானே! எல்லாம் எங்களிட்டை இருந்து போனதுதான். நான் அப்பவே சொன்னனான், உலகத்துக்கே நாங்கள்தான் தமிழ் குடுத்தனாங்கள்.”

“அப்பிடி அவசரப்படாதையும் காணும்” என்றேன். “ஓசை ஒத்தால் மட்டும் உறவு ஆகாது. பீஜியிலை ஒண்டுக்கு ‘துவா’ எண்டுவினம், மலாயிலை இரண்டுக்கு ‘துவா’ எண்டுவினம். கேட்க ஒரே சொல்லு, ஆனால் ஒண்டுக்கொண்டு சம்பந்தமில்லை. அந்த மலாய்த் துவாவின்ரை உண்மையான சகோதரம் பீஜியிலை ‘ரூவா’.”

“அப்ப மலாய்க்காரர் கப்பலை ‘காப்பால்’ எண்டுறதும் பொய்யோ?”

“அது எங்களிட்டை வாங்கினது எண்டுதான் சொல்லுகினம். நீரும் மெத்ரோ எண்டுறீர், சந்திப்பை ரந்தேவு எண்டுறீர், பத்திரத்தைப் பப்பியே எண்டுறீர். அதுக்காக நீர் பிரெஞ்சுக்காரனோ? கண்ணுக்கு என்ன சொல்லுறீர்?”

“கண்தான்.”

“மழைக்கு?”

“மழைதான். வேறை என்ன?”

“அவ்வளவுதான். சாமானோடை வாற சொல்லை ஆரும் வாங்குவினம். கண், கல், நிலவு, சாவு, ஒண்டு இரண்டு எண்டுறதையெல்லாம் ஒருதரும் லேசிலை வாங்காயினம். அதைத் தாய் தருவா.”

மகனே, பீஜிக்கும் மடகாஸ்கருக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று உன் பள்ளிக்கூட அட்லசில் விரலை வைத்துப் பார். பசிபிக்கைக் கடந்து, மலாயாவைக் கடந்து, இந்து சமுத்திரம் முழுவதையும் கடந்து ஆபிரிக்காவின் வாசலில் போய் நிற்கும் உன் விரல். பாதி உலகம். வேரைத் தேடிக்கொண்டு போனால் தாய்வான் தீவுப் பக்கம் போகிறது என்கிறார்கள் படித்தவர்கள். அங்கிருந்து ஒரு கிளை கிழக்கே பீஜிக்கும் இன்னும் அப்பாலும், இன்னொரு கிளை மேற்கே மடகாஸ்கருக்கும். மேற்கே போனவர்கள் எந்த வழியாகப் போனார்கள் என்று சரியாகத் தெரியாது. எங்கள் தீவுக்குத் தெற்கே எங்கள் கடலைக் கடந்தே போயிருக்கலாம் என்று நினைக்க எனக்குப் பிடிக்கிறது. பிரிந்து போன அந்த இரண்டு தோணிகளின் சொற்களும் திரும்பச் சந்தித்த இடம் பாரிசில் ஒரு யாழ்ப்பாணத்தான் கடை, ஒரு தேசிக்காய்ப் பெட்டி. சந்திக்க வைத்தது அந்த இரண்டு மொழிக்கும் சொந்தமில்லாத ஒரு கிழவன். கோயிலில் திரை விலகும்போது வருமே ஒரு நடுக்கம், அதுதான் எனக்கு வந்தது.

அப்போதுதான் முள்ளாய்க் கிடந்தது வெளியே வந்தது. அந்தக் குனிவு! மியாலி எனக்கு முன்னால் கடந்த விதமும், பீஜியில் “துலோ” சொல்லிக் கடந்த விதமும் ஒன்றேதான். உடனே இலாய்சாவின் தம்பிக்காக வாசலோரம் இருந்த பெரியவர் நினைவுக்கு வந்தார். சொல் ஒத்தால் முறையும் ஒக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அது வெறும் ஊகம். ஆனாலும் கேட்டுப் பார்க்கலாமே. என் பிரெஞ்சு அதற்குப் போதாது. கணேசிடம் சொன்னேன்: “இவவின்ரை நாட்டிலை கலியாணத்துக்கு ஆர் முதல் போறது எண்டு கேளும்.”

கணேசு கேட்டான். மியாலியின் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பையைக் கீழே வைத்தாள். மெதுவாய்ப் பேசினாள், நெடுநேரம் பேசினாள். கணேசு என் பக்கம் திரும்பியபோது அவன் குரலில் பகிடி இல்லை.

“மாஸ்டர், மாப்பிளைப் பகுதிதான் போகவேணுமாம். போய், ஒரு ஆளைக் கொண்டு மரியாதையாய்ப் பேசிக் கேக்கவேணுமாம். தாய் மார்கழியிலை இருந்து பாத்துக்கொண்டு இருக்கிறாவாம். புதுக் கோப்பையள் வாங்கி வைச்சிருக்கிறாவாம். தாய்மாமன் பதில் சொல்லப் பேச்சுப் பழகி வைச்சிருக்கிறாராம். ஒருதரும் வரேல்லை. உங்களுக்குப் பெட்டையைப் பிடிக்கேல்லைப் போலை எண்டு தாய் நினைச்சிட்டாவாம். பொம்பிளைப்பிள்ளை தானே வாங்கோ எண்டு கூப்பிடுறது வெக்கம் எண்டு உங்கடை மேனுக்கும் இவ சொல்லேல்லையாம். தாய் போன கிழமை சொல்லிப்போட்டாவாம், காணும், உந்தப் பெடியனை மற எண்டு.”

நினைத்துப் பார். சார்செலில் நாங்கள் கதவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம், ஓல்னேயில் அவர்கள் கதவைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். இரண்டு வீட்டிலும் பலகாரம், இரண்டு வீட்டிலும் கோபம். யாரும் யாரையும் அவமதிக்கவில்லை. இரண்டு பக்கமும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டோம். அந்த மரியாதையால்தான் உன் கல்யாணம் செத்துக்கொண்டிருந்தது. நீ தொலைபேசியிலிருந்து திரும்பி வந்து, “என்ன, எல்லாரும் ஒரு மாதிரி நிக்கிறியள்?” என்று கேட்டாய். கணேசு “தேசிக்காய் விலை கூடிப்போச்சு தம்பி” என்றான்.

பெரிய வேலை அம்மாவிடம்தான் இருந்தது. “என்ன? நாங்கள் போறதோ? பெடியனைப் பெத்தனாங்கள், தட்டத்தோடை போய் அவையின்ரை வாசல்லை நிக்கிறதோ?” என்று பாய்ந்தா. “சீதனமும் இல்லை, சாதகமும் இல்லை, இப்ப காலிலையும் விழப் போகினம் எண்டு சனம் சொல்லாதோ?” நான் சொன்னேன்: “இஞ்சரும், அங்கையும் ஒரு தாய் உம்மைப்போலதான் சனம் என்ன சொல்லும் எண்டு பயந்துகொண்டு இருக்கிறா. மேளைக் கேட்டு ஒருதரும் வரேல்லை எண்டு.” அம்மா எழும்பினா. தேயிலைச் சாயத்தைக் கொட்டி, கேத்திலைக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டு, “எந்தச் சீலையை உடுக்கிறது?” என்று கேட்டா.

நீ வேலைக்குப் போன ஒரு ஞாயிறு போனோம். கணேசு தானே வந்தான். “உங்கடை பிரெஞ்சைக் கேட்டால் பெட்டையைத் தராயினம் மாஸ்டர், பாவம் எண்டு சாப்பாடுதான் தருவினம்.” அது உண்மைதான். அந்த மாடிக் கட்டிடத்தின் சின்ன அறையில் தாயும் தாய்மாமனும் சில உறவினரும் வரிசையாய் இருந்தார்கள். நான் இடுப்பை வளைத்தேன், கையைத் தாழ்த்தி நீட்டினேன், மியாலி சொல்லித் தந்தபடி “அசாஃபாதி” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனேன். பின்னால் அம்மா நிற்கிறாவா, திரும்பி விட்டாவா என்று பயமாய் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். சீலைத் தலைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை நிலத்துக்கு நீட்டி, என்னைவிட நன்றாகக் குனிந்து வந்துகொண்டிருந்தா. உன் மாமியார் வாயில் கையை வைத்துக்கொண்டா.

மாமன் பேசினார். பேசத் தகுதியில்லாத நான் பேசுகிறேன், பெரியவர்கள் பொறுக்க வேண்டும் என்று தொடங்கி அந்த மன்னிப்பே நெடுந்தூரம் போனது. நான் தமிழில் பேசினேன். பிந்தி வந்தது அறியாமையால், அலட்சியத்தால் அல்ல என்றேன். உங்கள் பிள்ளையைத் தரும்படி கேட்கிறோம் என்றேன். கணேசு அதைப் பிரெஞ்சில் சொன்னான். முழுவதும் சொன்னானா தெரியாது, ஆனால் நன்றாய்ச் சொன்னான். பேசி முடித்து நிமிர்ந்தேன். சுவரில் ஒரு மனிதரின் படம் இருந்தது, மியாலியின் கண்கள் அவருக்கு. நான் உன் மாமியாரைப் பார்த்து, எனக்குத் தெரிந்த ஒரே வழியில், இலாய்சாவின் மொழியில் கேட்டேன்: “மாத்தே?” அவ படத்தைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. “மாத்தி” என்றா. இறந்துவிட்டார். கடைசி ஒலி மட்டும்தான் வேறு. அந்தச் சொல் இரண்டு சமுத்திரங்களில் எத்தனை தலைமுறைகளின் சாவுகளைக் கடந்து, ஓல்னேயில் இந்த அறைக்கு வந்து, ஒரு கணவனை இழந்த பெண்ணுக்கும் எனக்கும் நடுவில் விளங்கியது. கணேசுக்கு அங்கே வேலை இருக்கவில்லை. உன் மாமியார் எழும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்துத் தனக்குப் பக்கத்தில் இருத்தினா. பிறகு நடந்ததெல்லாம் சடங்கு. உனக்குப் பெண் கிடைத்தது அந்த நேரத்தில்தான்.

சாப்பிட்ட பிறகு அவ ஒரு குடுவையில் மண்ணிறமாய்ச் சுடுதண்ணீர் கொண்டுவந்தா. சோற்றுப் பானையில் அடிப்பிடித்ததோடு தண்ணீர் விட்டுக் கொதிக்க வைத்தது, அவர்களுக்கு அது சாப்பாட்டின் முடிவு. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, “இதைத்தானே நாங்கள் தேய்ச்சுக் கழுவி ஊத்துறது! என்ன வாசமாய் இருக்கு” என்று இன்னொரு கோப்பை கேட்டா.

நான் உனக்குப் பெரிய புத்தி ஒன்றும் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். நீ உன் மாமியாரோடு பிரெஞ்சில் பேசுகிறாய். நல்ல பிரெஞ்சுதான். ஆனால் அது அவவுக்கும் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது, உனக்கும் வேலையில் கிடைத்தது. இரண்டு பேரும் வேறொருவர் வீட்டு முற்றத்தில் நின்று பேசுகிறீர்கள். நாங்கள் போய்க் கேட்டோம், அவர்கள் தந்தார்கள். வாசலைத் திறப்பது மட்டும்தான் எங்கள் வேலை. உள்ளே போக வேண்டியவன் நீ. மியாலியைத் துணைக்கு வைத்துக்கொண்டால் அவளே பேசுவாள், நீ சிரித்துக்கொண்டிருப்பாய். அது காணாது.

ஆகவே, கல்யாணத்துக்கு முதல் ஒருநாள் நீ தனியாய் ஓல்னேக்குப் போ. அவ சமைக்கும்போது பக்கத்தில் நின்று, அகப்பையை, அடுப்பை, உப்பை, அரிசியை ஒவ்வொன்றாய்த் தொட்டுக் காட்டு. அவ சொல்லுகிற பெயரைக் கேட்டு, அவ சிரித்தாலும் பரவாயில்லை, சத்தமாய்த் திருப்பிச் சொல்.